ஜடேஜா போனார், சஞ்சு வந்தார்: அடி பத்துமா?

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. வார இறுதி என்றாலே கேமரன் மலையின் திரிங்காப் மெயின் ரோட்டில் கார்கள் ஊர்ந்துகொண்டுதான் போகும். கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வருகிறவர்கள் காய்கறி வாங்க ஓரமாக நிறுத்துவார்கள். நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் ஒட்டுக்கடையில் அன்று நல்ல கூட்டம். ஆனால் கடைக்கார அண்ணனுக்குக் கை ஓடவில்லை. கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு தம்பி, ஜட்டுவ குடுத்துட்டாங்க."

ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கர்ரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் எடுத்துக்கொண்டது. அதுதான் செய்தி. அண்ணன் தண்ணியை ஆற்றிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். "சரி, போனது போச்சு. இனிமே நமக்கு அடி பத்துமா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் ஏலமும் முடிந்து, அணி முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தக்காளிப் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்து, பெட்டிமேல் பெயர் எழுதுகிற தடித்த மார்க்கர் பேனாவால் எழுதிப் பார்த்தேன். கிரிக்கெட் அதிகம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அந்தக் கணக்கை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த "நமக்கு" என்ற சொல். சென்னை எங்கே, கேமரன் மலை எங்கே? ஆனால் இங்கே யாரும் "சென்னை ஜெயிச்சது" என்று சொல்வதில்லை, "நாம ஜெயிச்சோம்" என்பார்கள். இந்தியாவில் இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு 10 மணிக்கு. முடியும்போது ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். விடிந்தால் கோபிஸ் வெட்டப் போகவேண்டும், கொழுந்து எடுக்கப் போகவேண்டும். அப்படியும் குளிரில் போர்த்திக்கொண்டு பார்க்கிறார்கள். 2023 இறுதி ஆட்டம் மழையால் தள்ளிப்போய், அகமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்று நின்றபோது இங்கே மணி விடிகாலை நாலு. மோகித் சர்மாவின் ஒரு பந்தை ஜடேஜா சிக்ஸருக்கு அனுப்பினார், அடுத்ததை ஃபோருக்கு. ஐந்தாவது கோப்பை. அன்று தூங்காமலேயே வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே அண்ணனின் வருத்தம் சின்ன வருத்தம் இல்லை.

மலேசியர்களுக்கு ஜடேஜா இன்னொரு விதத்திலும் சொந்தம். 2008-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில்தான் நடந்தது. மார்ச் 2 அன்று பூச்சோங் கின்ராரா மைதானத்தில் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிய இந்திய அணிக்குத் தலைவர் விராட் கோலி, துணைத் தலைவர் ஜடேஜா. அங்கிருந்து அவர் நேரே போய்ச் சேர்ந்த அணி ராஜஸ்தான். அந்த முதல் ஐபிஎல்லில் ஷேன் வார்னின் ராஜஸ்தான் இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியது சென்னையை. 2010-இல், இருக்கும் அணிக்குத் தெரியாமல் வேறு அணியோடு பேரம் பேசினார் என்று ஜடேஜாவுக்கு ஒரு சீசன் முழுக்கத் தடை. 2012-இல்தான் சென்னை அவரை ஏலத்தில் எடுத்தது. சென்னை தடையில் இருந்த இரண்டு வருடத்தைக் கழித்தால், அன்றிலிருந்து இந்த ஆள் மாற்றம்வரை மஞ்சள் சட்டைதான். 2025 நவம்பரில், முப்பத்தேழு வயதை எட்டும் நேரத்தில், தொடங்கிய வீட்டுக்கே திரும்பிப் போனார்.

இனி இந்த ஆள் மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஐபிஎல்லில் ஆட்டக்காரரை வாங்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று ஏலம், அதில் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. இன்னொன்று டிரேட், இரண்டு அணிகள் தங்களுக்குள் பேசி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது, அல்லது காசு கொடுத்து எடுத்துக்கொள்வது. ஆட்டக்காரர் சம்மதிக்கவேண்டும், கிரிக்கெட் வாரியம் ஒப்புதல் தரவேண்டும். ஆள் போகும்போது அவர் சம்பளமும் சேர்ந்து போகும். சஞ்சு 18 கோடி ரூபாயோடு வந்தார், நம் காசில் சுமார் 8 மில்லியன் வெள்ளி. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடிக்குக் குறைக்கப்பட்டு மாறியது. கர்ரனுக்கு 2.4 கோடி. சென்னைக்கு இறங்கிய சம்பளச் சுமை, ஜடேஜாவின் பழைய 18 கோடியையும் சேர்த்து, 20.4 கோடி, ஏறியது 18 கோடி. பணத்தில் நட்டம் இல்லை.

ஆனால் கடைக்கார அண்ணன் பணத்தைக் கேட்கவில்லை. அடியைக் கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்வியை உலகத்திலேயே அதிகம் கேட்டுக் கேட்டு, அதற்கென்று கணக்கே கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். அங்கே குளிர்காலத்தில் ஆட்டம் இருக்காது. அந்த மாதங்களில் அணிகள் ஆள் மாற்றும், ரசிகர்கள் மிச்சம் இருக்கிற மட்டைக்காரர்களை எண்ணிக்கொண்டு "இது பத்துமா" என்று மல்லுக்கு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ் மாநிலத்தில் பன்றி இறைச்சியும் பீன்ஸும் டின்னில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தவர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆட்டக் கணக்குகளைப் புரட்டிய அந்த மனிதர் கண்டது எளிமையான ஒன்று. ஓர் அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்பதை, அது எடுக்கும் ரன்னையும் கொடுக்கும் ரன்னையும் சேர்த்து வைத்தே கணித்துவிடலாம். எடுத்த ரன்னை அதாலேயே பெருக்கு. கொடுத்த ரன்னையும் அப்படியே பெருக்கு. இரண்டையும் கூட்டினால் வருகிற தொகையில் முதல் எண் எத்தனை பங்கோ, ஏறக்குறைய அத்தனை பங்கு ஆட்டம் ஜெயிப்பாய்.

சினிமாவாகவும் வந்த ஓக்லண்ட் அணியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2001-இல் அந்த அணி 884 ரன் எடுத்து 102 ஆட்டம் ஜெயித்தது. சீசன் முடிந்ததும் ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன் என்ற இரண்டு பெரிய மட்டைக்காரர்கள் பணக்கார அணிகளுக்குப் போய்விட்டார்கள். 2002-இல் ரன் 800-ஆகக் குறைந்தது. ஆனால் வெற்றி 103, அதில் தொடர்ந்து 20 ஆட்டம். எப்படி? நாலாயிரம் வெள்ளி வேலையாள் போன இடத்தில் இரண்டாயிரம் வெள்ளிக்கு ஆள் பிடித்த மாதிரிச் சமாளித்தார்கள் என்று படம் சொல்லும். அது பாதி உண்மை. ஹட்சன், முல்டர், சீட்டோ என்ற மூன்று பந்துவீச்சாளர்கள் அங்கேயே இருந்தார்கள், எதிரணியை 654 ரன்னுக்குள் கட்டிப்போட்டார்கள். அதுதான் மறு பாதி. "அடி பத்துமா" என்ற கேள்விக்கு மட்டையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பதை நான் படித்தது அங்கேதான்.

சரி, நம் அணிக்கு வருவோம். 2025-இல் சென்னை 14 ஆட்டத்தில் ஜெயித்தது நாலு. பட்டியலில் பத்தாவது இடம், கடைசி. 2008-இலிருந்து ஆடுகிற அணி கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல்முறை. சேப்பாக்கத்தில் மட்டும் தொடர்ந்து ஐந்து தோல்வி. பெங்களூர் 2008-க்குப் பிறகு அங்கே முதல்முறையாக ஜெயித்தது. ஹைதராபாத் அங்கே ஜெயித்ததே அதுதான் முதல் தடவை. ஏப்ரல் 11-இல் கொல்கத்தாவோடு ஆடியதை நினைத்தால் இன்னமும் மனசு கனக்கிறது. 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ரன். அவர்கள் பதினோராவது ஓவரிலேயே எடுத்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் அன்று சீக்கிரமாகவே விளக்கை அணைத்தார்கள்.

அந்த வருடம் சென்னையின் நெட் ரன் ரேட் மைனஸ் 0.647. இந்த எண்ணைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள், யாரும் விளக்கமாட்டார்கள். இதன் பொருள், ஒவ்வொரு ஓவருக்கும் எதிரணியைவிட நாம் 0.647 ரன் குறைவாக எடுத்தோம் என்பது. இருபது ஓவருக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 13 ரன். என் அட்டையில் நான் முதலில் பெரிதாக எழுதிக்கொண்டது இந்த 13-ஐத்தான். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 13 ரன் நாம் பின்தங்கி இருந்தோம். அதை ஈடு கட்டினால்தான் மற்றவர்களோடு சமமாக நிற்போம். ஜெயிப்பது அதற்கு மேல்.

இந்த 13 ரன்னை சஞ்சு கொண்டுவருவாரா?

சஞ்சு நல்ல மட்டைக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024-இல் இந்தியாவுக்காக மூன்று டி20 சதம் அடித்தவர், ஒன்று ஹைதராபாத்தில், ஒன்று டர்பனில், ஒன்று ஜோகன்னஸ்பர்க்கில். ஆனால் ஐபிஎல்லில் அவர் வாழ்நாள் வேகம் நூறு பந்துக்கு ஏறக்குறைய 140 ரன். சென்னையில் 2025-இல் மேல் வரிசையில் ஆடிய ரச்சின் ரவீந்திராவின் வேகம் 128. ஒரு ஆட்டத்துக்கு இருபது பந்து என்று வைத்துக்கொண்டால், 140-க்கும் 128-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு, மூன்று ரன். 2024-இல் சஞ்சு 531 ரன் எடுத்தபோது இருந்த 153 வேகம் திரும்பினால் ஐந்து ரன். அவ்வளவுதான். இதைச் சொன்னபோது கடைக்கார அண்ணன் நம்பவில்லை. நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

பெரிய மாற்றம் டிரேடில் இல்லை. அது 2025 சீசனின் பாதியிலேயே சத்தமில்லாமல் நடந்துவிட்டது.

சென்னையின் மட்டைக்காரர் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டு அவர் விலகியபோது, அவருக்குப் பதிலாக வந்தவர் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே. இடது கை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் காயப்பட்டபோது வந்தவர் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ். வன்ஷ் பேடிக்குப் பதிலாக வந்தவர் குஜராத்தின் உர்வில் பட்டேல். அவர் 2024-இல் 28 பந்தில் டி20 சதம் அடித்தவர். மூவருமே மாற்று ஆட்களாக வந்தவர்கள். மாத்ரே 7 ஆட்டத்தில் 240 ரன், வேகம் 189. பிரெவிஸ் 6 ஆட்டத்தில் 225 ரன், வேகம் 180. மே 25-இல் அகமதாபாத்தில் கடைசி ஆட்டம். இந்த இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்து ஆடியபோது சென்னை எடுத்தது 230. குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தது. ஏப்ரலில் 103-க்குத் திணறிய அதே அணிதான்.

அட்டையில் போட்ட கணக்கு இது. மாத்ரே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 18 பந்து பிடித்து 34 ரன் எடுத்தார். அதே 18 பந்தை ரச்சினின் வேகத்தில் ஆடினால் 23. வித்தியாசம் 11. பிரெவிஸ் 21 பந்துக்கு 37 ரன். அவருக்கு முன் நடுவரிசையில் ஆடியவர்களின் வேகத்தில் அது 27 ஆகியிருக்கும். வித்தியாசம் 10. ஆக இரண்டு பேருமே சேர்ந்து 21 ரன்.

இங்கே நிதானிக்கவேண்டும். ஏழு ஆட்டம், ஆறு ஆட்டம் என்பது சின்ன அளவு. முதல் பறிப்பில் மிளகாய் கொத்துக் கொத்தாக வந்தால் வருடம் முழுக்க அப்படியே வரும் என்று நம் ஊரில் யாராவது கடன் வாங்குவார்களா? பந்துவீச்சாளர்களும் படிப்பவர்கள்தான். மாத்ரேக்கு எங்கே போட்டால் கஷ்டம் என்று இந்நேரம் எல்லா அணியும் வீடியோ பார்த்திருக்கும். பிரெவிஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் தைரியம், ஏனென்றால் அதே வருடம் ஆகஸ்டில் டார்வினில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 56 பந்தில் ஆட்டமிழக்காமல் 125 அடித்தார். ஆனாலும் பாதுகாப்பாக 21-ஐப் பாதியாக்குகிறேன். பத்து ரன். சஞ்சுவின் மூன்று, நான்கையும் சேர்த்தால் 13, 14. இதோடு ருதுராஜ் முழு சீசன் ஆடினால் அது தனி லாபம். 2021-இல் 635 ரன், 2023-இல் 590, 2024-இல் 583 எடுத்தவர், 2025-இல் ஐந்தே ஆட்டம் ஆடினார்.

ஆக, நாம் பின்தங்கியிருந்த 13 ரன் மட்டைப் பக்கத்திலேயே ஏறக்குறைய கைக்கு வந்துவிடுகிறது. அடி பத்தும்.

சஞ்சுவால் வருகிற இன்னொரு லாபம் ரன் கணக்கில் தெரியாது. ஆடும் பதினொன்றில் வெளிநாட்டவர் நாலு பேருக்கு மேல் கூடாது. 2025-இல் தொடக்கத்துக்கு ரச்சின், சில ஆட்டத்தில் கூடவே கான்வே என்று வெளிநாட்டு இடங்களைச் சென்னை மேல் வரிசையிலேயே செலவழித்தது. இப்போது சஞ்சு, மாத்ரே, ருதுராஜ், துபே எல்லாரும் இந்தியர்கள். பிரெவிஸுக்கு ஒன்று, 2025-இல் 24 விக்கெட் எடுத்த ஆப்கன் சுழலர் நூர் அகமதுக்கு ஒன்று. மிச்சம் இரண்டு இடத்தையும் பந்துவீச்சுக்குக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் இந்த டிரேடின் நிஜமான ஆதாயம் இதுதான், அப்புறம் விக்கெட் கீப்பர் இடம். ஏலம் முடிந்தபோது கீப்பர் தோனிக்கு 44 வயது. என்றைக்காவது ஒருநாள் அந்தக் கையுறையை யாராவது மாட்டியே ஆகவேண்டும். சஞ்சு 31 வயதில் வருகிறார்.

இனி போனதைப் பார்ப்போம். ரசிகர்கள் மனசு வலிக்கிறது என்பதால் இதைத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது வலியிலேயே நின்றுவிடுகிறார்கள். எண்ணிப் பார்க்கிறவர் குறைவு.

காய்கறித் தோட்டத்தில் சில பேர் இருப்பார்கள். காலையில் மருந்து அடிப்பார், சாயங்காலம் லோரியை எடுத்துக்கொண்டு சரக்கு ஏற்றிப் போவார். சம்பளப் பட்டியலில் அவர் ஒரே பெயர். அவர் வேலையை விட்டால் தௌக்கேக்கு இரண்டு ஆள் வேண்டும். ஜடேஜா அந்த மாதிரி ஆள். 2025-இல் அவர் எடுத்தது 301 ரன், அணியில் துபேயின் 357-க்கு அடுத்து. அத்தோடு நாலு ஓவர் பந்துவீச்சு, 10 விக்கெட், பாய்ந்து பிடிக்கிற கேட்ச், நேராகக் குச்சியில் எறிகிற கை. அவர் இருந்தவரை சென்னை ஆறு மட்டைக்காரர், ஆறு பந்துவீச்சாளரோடு இறங்க முடிந்தது. பதினோரு பேரில் பன்னிரண்டு பேர் வேலை. அந்தக் கூடுதல் ஒருவர் இப்போது இல்லை. கர்ரனும் மட்டை, பந்து இரண்டும் தெரிந்தவர்தான். பஞ்சாபுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 47 பந்தில் 88 அடித்தார், ஆனால் அது ஒரு ஆட்டம். அவர் போனது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

ஜடேஜாவின் நாலு ஓவரை வேறொருவர் வீசி, ஓவருக்கு ஒரு ரன் கூடக் கொடுத்தார் என்று வையுங்கள். நாலு ரன் போயிற்று. மட்டையில் அவர் எடுத்துக் கொடுத்த ரன்னில் இரண்டு குறைந்தால் ஆறு. மட்டைப் பக்கம் தேடிய 13, 14-இல் ஏறக்குறைய பாதி பின்வாசல் வழியாகப் போய்விடும். மதீஷா பதிரானாவையும் விட்டுவிட்டோம் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஓவர்களில் யார்க்கர் போடும் அந்த இலங்கை இளைஞரை ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. சுழலர் அஸ்வினும் ஓய்வு பெற்றுவிட்டார்.

இது சென்னை நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை. ஏலத்தில் அவர்கள் 43.4 கோடியோடு போய், 14.2 கோடி கொடுத்து எடுத்த ஆள் பிரசாந்த் வீர். உத்தரப்பிரதேசத்துக்காரர், இருபது வயது, இடது கை மட்டை, இடது கைச் சுழல். யாருடைய இடம் என்று சொல்லவே வேண்டாம். அதே 14.2 கோடிக்கு ராஜஸ்தான் மாநிலத்தைச் சேர்ந்த பத்தொன்பது வயது விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா, பெரிய அடிக்காரர். இந்தியாவுக்கு ஆடாத இந்தியர் எவருக்கும் இதற்குமுன் ஐபிஎல் ஏலத்தில் இத்தனை விலை போனதில்லை. இவர்களோடு மேற்கிந்தியத் தீவுகளின் இடது கைச் சுழலர் அகீல் ஹொசைன், நியூசிலாந்தின் வேகம் மாட் ஹென்றி ஆளுக்கு 2 கோடி, லெக் ஸ்பின்னர் ராகுல் சாஹர் 5.2 கோடி, மட்டைக்கு சர்ஃபராஸ் கான் 75 லட்சம்.

இருக்கிற பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை இரண்டு புதுப் பையன்கள்மேல் வைத்திருக்கிறார்கள். வயதானவர்களை வைத்தே ஓட்டுகிற அணி என்று பெயர் வாங்கிய சென்னை இப்படிச் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பே செய்திருக்கவேண்டும். ஆட்டமே மாறிவிட்டது. 2024-இல் ஹைதராபாத் பெங்களூரில் 287 எடுத்தது. அதே வருடம் பஞ்சாப் ஈடன் கார்டனில் 262 என்ற இலக்கைத் துரத்திப் பிடித்தது. நாம் மட்டும் 160 எடுத்துவிட்டு ஜடேஜாவும் மற்றவர்களும் கட்டுப்படுத்துவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். முதல் ஆறு ஓவரில் பயந்து ஆடினோம். அந்தப் பயம் மாத்ரே வந்த பிறகுதான் போனது.

எனவே அட்டையில் கடைசியாக நான் எழுதிய முடிவு இது. அடி பத்தும், அதில் தயக்கமில்லை. 2025 மாதிரி கடைசி இடத்தில் சென்னை நிற்காது. ஆனால் அடி மட்டும் கோப்பைக்குப் பத்தாது. மட்டையில் ஏறியது 13, 14 ரன், பந்தில் இறங்கியது ஆறு, ஏழு. மைனஸ் 13-இலிருந்து மைனஸ் ஆறுக்கோ ஏழுக்கோ வந்திருக்கிறோம், ருதுராஜ் முழுசாக ஆடினால் இன்னும் கொஞ்சம் மேலே. அது பட்டியலின் நடுப்பகுதி. 2025-இல் நாலாவது இடம் பிடித்த மும்பை எட்டு ஆட்டம் ஜெயித்தது. நாம் எட்டுக்குப் போகவேண்டுமானால் மிச்ச ரன் ஏழாவது ஓவரிலிருந்து பதினைந்தாவது ஓவர்வரை பந்து வீசுகிறவர்கள் கையிலிருந்து வரவேண்டும். நூர் ஒரு பக்கம் இருக்கிறார். மறு பக்கம் ஜடேஜா நின்ற இடத்தில் பிரசாந்த் வீரோ, ஹொசைனோ, சாஹரோ யார் நின்றாலும் அந்த நாலு ஓவர்தான் சென்னையின் வருடத்தைத் தீர்மானிக்கும்.

நேற்று இதை அப்படியே கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். அட்டையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். "அப்ப ஜட்டு ஆறு ரன்னுதானா?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஆறு, பதினாலு ஆட்டத்துக்கு எண்பதுக்கு மேல், அது பெரிய தொகை அண்ணே என்றேன். கொஞ்சம் சமாதானமானார். அட்டையைத் திருப்பித் தரவில்லை, தேத்தூள் டின்னுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சீசன் தொடங்கி, இரவு பத்து மணிக்கு உட்காரும்போது சிக்ஸர்களை மட்டும் எண்ணாதீர்கள். பவர்பிளே முடிந்து ஏழாவது ஓவர் வீச யார் வருகிறார், ஓவருக்கு எத்தனை போகிறது என்று பாருங்கள். ஓவருக்கு எட்டுக்குள் நின்றால் தைரியமாக விழித்திருங்கள். அந்த இருபது வயதுப் பையன் ஒரு ஆட்டத்தில் மூன்று சிக்ஸர் வாங்கிவிட்டால் உடனே "ஜட்டு இருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள். ஜடேஜாவும் கின்ராராவிலிருந்து கிளம்பியபோது பத்தொன்பது வயதுப் பையன்தான். சென்னை அவரை எடுக்க அதன்பின் நாலு வருடம் ஆனது.